முதுகில் ஒரு விரல்

ஈரத்துணியை வலது கையில் சுருட்டிக்கொண்டு, வெற்றிலையை இடது உள்ளங்கையில் விரித்து, நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு ஒரு இழுப்பு, திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு, பிறகு நுனியெல்லாம் ஒரே பக்கமாக வரும்படி தாம்பாளத்தில் அடுக்கு, அழுகலையும் ஓட்டையையும் தனியே போடு, இதுதான் அத்தை எனக்குக் கொடுத்த வேலை. இரண்டு கவுளி வெற்றிலை. ஒரு கவுளி முடிந்துவிட்டது, இன்னொன்று முடிவதற்குள் ஆசாரி வந்துவிடுவார். சத்திரத்துக்குள்ளே பாய் விரிக்கிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம், அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரிக்கிற சத்தம், எல்லாம் கேட்கிறது, எனக்குக் கேட்கிறது. நான் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அனு என் முழங்காலை ஒட்டித் துண்டின் மேல் உட்கார்ந்து, நான் ஒதுக்கிப்போட்ட வெற்றிலையைக் கிழித்துக் கிழித்துத் தன் மொட்டைத் தலையில் வைத்துக்கொள்கிறாள். பதினோரு மாதம். மொட்டை போன மாதம் குலதெய்வத்துக்கு எடுத்தாயிற்று, காதுகுத்து மட்டும் மதுரையில் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் என்று அத்தை நேர்ந்திருந்தாக. இன்னும் அரைமணி நேரம். அரைமணி நேரத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைப்பார்கள், ஆசாரி ஊசியை எடுப்பார், அத்தை ஒரு பக்கம் நின்று, அனூ, என்று கூப்பிடுவாக, பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும், இந்தக் காதில் குத்திவிடுவார், அப்புறம் அத்தை மறுபக்கம் போய்க் கூப்பிடுவாக. இப்படித்தான் பேசிவைத்திருக்கிறாக. ஆசாரியிடம் போனிலேயே சொல்லியாயிற்று, "தலையப் பிடிக்க ஆளு வேண்டாம் ஆசாரியாரே, எம் பேத்தி பேரச் சொன்னா போதும், டக்குன்னு திரும்பும்." திரும்பும். என் இடுப்பில் இருந்தால் திரும்பும். என் விரல் அதன் முதுகில் இருந்தால் திரும்பும். வலப்பக்கம் திரும்ப வலது தோள் எலும்புக்குக் கீழே ஒரு அழுத்து, இடப்பக்கம் என்றால் இடது. இரண்டு மாதமாக இந்த விரலால்தான் பிள்ளைக்குக் காது கேட்கிறது. மாமன் மடியில் என் விரல் எப்படிப் போகும்? அதிலும் காது குத்துகிறதைப் பெற்றவள் பார்க்கக்கூடாது என்று அத்தை வீட்டு வழக்கம். அதனால்தான் வெளியே படியில் உட்காரவைத்து வெற்றிலையைக் கொடுத்திருக்கிறாக. ஒரு இழுப்பு, திருப்பு, இன்னொரு இழுப்பு. இந்த வெற்றிலையில் ஓட்டை. இதையும் எடுத்துக்கோ தங்கம், கிழி.

வேன் எட்டு மணிக்கே இறக்கிவிட்டுவிட்டது. ஆசாரி பத்தரைக்குத்தான் வருவார் என்றதும் அவுக, அனுவின் அப்பா, "வந்தது வந்தோம், ஏழுகடல் தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றாக. நான் மதுரையைப் பார்த்ததே இல்லை. ஆறாம் வகுப்புப் பாடத்தில் கோபுரம் படம் ஒன்று இருந்தது, அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடமும் நின்றுபோனது, மதுரை அந்தப் படத்தோடு சரி. ஆசையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் தெருவுக்குள் கால் வைத்த உடனேயே அது தெருவாக இல்லாமல் போய்விட்டது எனக்கு. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள், நான் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஆட்டோ காதுக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்தது, நான் துள்ளிவிட்டேன், பிள்ளையின் இமை அசையவில்லை. நான் துள்ளியதற்குத்தான் என் முகத்தைப் பார்த்தது. பித்தளைக் கடையில் ஒருத்தன் மேலே அடுக்கியிருந்த அண்டாவைத் தவறவிட்டான், தெரு முழுக்க உருண்டது அந்தச் சத்தம், புறாக்கள் கூட்டமாகக் கிளம்பின. பிள்ளை புறாவைப் பார்த்தது. புறாவைத்தான் பார்த்தது. அது எப்போதும் ஒரு அடி பிந்தித்தான் எதையும் பார்க்கும், சத்தம் வந்து முடிந்த பிறகு அசைகிறதைப் பார்க்கும். மண்டபத்துக் கல்லில் யாளியும் குதிரையும் பாய்ந்துகொண்டு நின்றன, அவ்வளவு பெரிய வாய்களைத் திறந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லை, என் பிள்ளைக்கு உலகமே இப்படித்தானா என்று நினைத்தேன். நான் நின்றுவிட்டேன். "என்ன பிள்ளே, கல்லு பிடிச்சுக்கிடுச்சா, வா" என்று அவுக கையைப் பிடித்து இழுத்தாக. எல்லோரும் பார்க்கக் கையைப் பிடித்தது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே சொல்லியிருக்கலாம். கை கைக்குள் இருந்தது. ஏங்க, என்று மட்டும் சொன்னேன். "என்ன?" ஒண்ணுமில்லை.

பாதியில் நின்றுபோன கோபுரம் ஒன்று அங்கே இருக்கிறது, ராயகோபுரம் என்று பெயர். உச்சி கிடையாது, நெட்டநெடு கல்தூண்கள் மட்டும், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் கடைகள். "ராஜா கட்ட ஆரம்பிச்சு முடிக்காமப் போயிட்டாரு" என்று அவுக அண்ணனைப் பார்த்துக் கண் சிமிட்டினாக, "மச்சான் வீடு மாதிரியே இல்ல?" அண்ணன் விடவில்லை. "எங்க வீட்டுக்குக் கூரையாச்சும் இருக்கு மாப்ள, அவரு அதுவும் போடல." எல்லோரும் சிரித்தார்கள், நானும் பல் தெரியாமல் சிரித்தேன். அண்ணன் திருப்பூரிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டு வந்திருக்கிறான், புது வேட்டி, பையில் பிள்ளைக்குத் தங்கக் கம்மல். "ஏளா ஆவுடை, உன் மக எம் மடியில ஒண்ணுக்குப் போச்சுன்னா வேட்டி நீதான் தொவைக்கணும்" என்றான். அவனுக்கும் தெரியாது. அவனுக்காவது தெரிய வேண்டும், அவன் பார்த்த காரியம்தானே எல்லாம். தூணோரத்தில் பூ விற்ற அம்மா அத்தையிடம் கதை சொன்னாள், மீனாட்சியைப் பெற்றவள் கடலில் முழுக வேண்டுமென்று ஆசைப்பட்டாளாம், சாமியான மருமகன் ஏழு கடலையும் இந்தத் தெருவுக்கே வரவழைத்துவிட்டாராம், இங்கே ஒரு குளம் இருந்ததாம், இப்போது கடைகளாகிவிட்டதாம். "ஆனா கடல்ல முங்குறதுன்னா சும்மா எறங்கக் கூடாது, புருசன் கையப் பிடிச்சுக்கிடணும், இல்ல பிள்ள கையப் பிடிச்சுக்கிடணும், ரெண்டும் இல்லாதவ கன்னுக்குட்டி வாலப் பிடிச்சுக்கிடணும்." அத்தை உடனே, "கேட்டியாலே மாரிச்செல்வம், மாமியாளுக்கு ஏழு கடல் கொண்டாந்திருக்கான் மனுசன்" என்றாக. அதற்கு அவுக, "எனக்குத்தான் மாமியாளே கிடையாதே, ஏழு கடலும் மிச்சம்" என்றாக. மறுபடியும் சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான், நான் பூவைப் பார்த்தேன்.

மாமியாள் இருக்கிறாள். அம்மா செத்தபோது எனக்கு ஏழு வயது, என்னைக் குளிப்பாட்டித் தலை பின்னி வளர்த்தது அம்மாவின் தங்கை, சித்தி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டு என்ன, ஊமை என்றால் சித்தி, சித்தி என்றால் ஊமை, எனக்கே பதினான்கு வயதில் ரேசன் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்தது, வள்ளிமயில். இவ்வளவு அழகான பெயரை அத்தனை வருஷம் யாருமே செலவழிக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அண்ணன் சித்தியைப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு விறகுக்கொட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தான். சித்தி எதற்கு என்று கையாலேயே கேட்டது, அண்ணன் தன் காதைத் தொட்டான், பிறகு வாசலைக் காட்டினான், சித்திக்குப் புரிந்துவிட்டது, தலையை ஆட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அது பக்கத்து வீட்டு அம்மாதான். கல்யாணத்தில் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தது. ஊரே சேர்ந்து அந்தப் பொய்யைச் சுமந்தது, கல்யாணம் என்றால் சுமப்பார்கள். அவுக மறுவீட்டுக்கு வந்தபோது சாப்பிட்டுவிட்டு, "உங்க பக்கத்து வீட்டு ஊமையம்மா மீன்கொழம்பு நல்லா வைக்குது" என்றாக. நான் ஆமா என்றேன். அந்த ஆமாவை எந்த வாயால் சொன்னேன், இந்த வாயால்தான். பேறுகாலத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், பிள்ளைக்கு மூன்றாம் மாதம், சித்தி மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தது, அடுப்படியில் என் கையிலிருந்து பருப்புச்சட்டி விழுந்தது. சித்தி தரையில் கால் வைத்திருந்ததால் அதற்குத் தெரிந்துவிட்டது, அது எப்போதும் அப்படித்தான், ஆள் வருகிறதைத் தரையில் தெரிந்துகொள்ளும், வாசற்கதவைத் தட்டினால் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எழுந்திருக்கும். சட்டியைப் பார்த்தது, பிள்ளையைப் பார்த்தது, ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு தன் காதைத் தொட்டது. பிள்ளையின் காதைத் தொட்டது. என்னைப் பார்த்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வளர்த்த கையை. சித்தி அழவில்லை, பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அதைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. வேனில் இடம் இருந்தது.

துணி காய்ந்துவிட்டது, செம்புத் தண்ணீரில் முக்கிப் பிழிகிறேன், இன்னும் பாதிக் கவுளி இருக்கும். தீபாவளிக்குத் தெருவே அதிர ஆயிரம்வாலா போட்டார்கள், பிள்ளை அசையாமல் தூங்கியது, "புலிக்குட்டிலா எம் பேத்தி, வெடிக்கே பயப்படல" என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாக. அன்று ராத்திரி முழுக்க நான் உறங்கவில்லை. மறுநாளிலிருந்து குக்கர் விசில், தட்டு, கைதட்டல், ஒவ்வொன்றாகப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன், ஆளில்லாதபோது, திருடியைப் போல. ஒன்பதாம் மாதம் தடுப்பூசிக்குப் போனபோது எனக்கு முன்னால் நின்றவளிடம் நர்சம்மா கடிந்துகொண்டிருந்தாக, "காது, கண்ணெல்லாம் சின்னதுலயே கண்டுபிடிச்சாத்தான் வழி இருக்கு, மெஷினு இருக்கு, மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில பார்க்காங்க, மூணு வயசு நாலு வயசுன்னு தள்ளிட்டு வந்து நின்னா நாங்க என்ன செய்ய?" அடுத்து என்னிடம் திரும்பி, "உம் பிள்ள கூப்பிட்டாத் திரும்புதாம்மா?" என்றாக. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "திரும்பாம? இந்தா பாருங்க, அனூ!" என்றாக. நான் அத்தையின் சத்தத்துக்குத் திரும்பினேன், இடுப்பில் கை இறுகியது, பிள்ளையும் திரும்பியது. நர்சம்மா சிரித்துக்கொண்டே அட்டையில் ஒரு டிக் போட்டாக. அந்த டிக் இன்னும் பீரோவில் இருக்கிறது. முதல் தடவை என் கை தானாகச் செய்தது, சத்தியமாகத் தானாக. அதற்குப் பிறகு நான் செய்தேன். ஏனென்றால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கால் சரியில்லை என்றபோது அத்தை உலை வைத்துக்கொண்டே சொன்னாக, "அவ வழியில கோளாறு இருந்திருக்கு, மறைச்சுக் கட்டி வச்சிருக்கான் அவ அப்பன், இப்படிப்பட்டவளக் கொண்டுபோய் அவ வாசல்லயே விட்டுட்டு வந்துரணும்." சாதாரணமாகத்தான் சொன்னாக, அரிசி களைகிற மாதிரி. மனசில் கெட்டவுக இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பாக. அதுதான் பயமாக இருக்கிறது. வாசலில் கொண்டுபோய் விட்டால் அந்த வாசலில் சித்தி இருக்கும். நானும் பிள்ளையும் சித்தியும். பிள்ளையை விட்டுவிட்டு என்னை மட்டும் அனுப்புவார்களா, இரண்டு பேரையுமா, அதை நினைத்துக்கொண்டே இரண்டு மாதம் போய்விட்டது. நர்சம்மா சொன்ன வழியில் இரண்டு மாதத்தை நான் தின்றுவிட்டேன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி இந்த ஊரில்தான் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் போய்விடலாம் போலிருக்கிறது. சாயங்காலம் வேன் கிளம்பிவிடும்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு தடவை நான் உயிரோடு இருந்தேன். அதை நினைக்கவே கூடாது என்று இருக்கிறேன், ஒவ்வொரு வெற்றிலைக்கும் அதுதான் வருகிறது. பாத்திரக் கடையில் அத்தை பேத்திக்கு எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கிப் பெயர் வெட்டச் சொன்னாக. கடைக்காரர் ஊசி மெஷினைப் போட்டார், ட்ர்ர்ர் என்று பல்லைக் கூசவைக்கிற சத்தம். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டி மேல் உட்காரவைத்திருந்தேன், என் கை அதன் இடுப்பில் சும்மாதான் இருந்தது, அழுத்தவில்லை. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. மெஷின் நின்றது, சிரிப்பும் நின்றது. மறுபடி ட்ர்ர்ர், மறுபடி கெக்கெக்கே. "அட, எம் மெஷினுக்குச் சிரிக்கிற மொத ஆளு இதுதாம்மா, என் வீட்டுக்காரி ஓடிப்போயிருவா" என்றார் கடைக்காரர். "சத்தத்தக் கேட்டு எப்படிச் சிரிக்கிது பாரு" என்றாக அவுக. மீனாட்சி, தாயே, கேட்கிறது, கேட்கிறது, நான்தான் பாவி, நான்தான் பைத்தியம், சித்தியை அடித்ததற்கு என் மூளைதான் குழம்பிவிட்டது, ஊருக்குப் போனதும் அதன் காலில் விழுகிறேன். அப்போதுதான் பார்த்தேன், பிள்ளையின் உள்ளங்கை கண்ணாடி மேல் விரிந்து இருந்தது. மெதுவாக அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு, காலும் கண்ணாடியில் படாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை, அந்த அதிர்வு எங்கே போயிற்று என்று தேடுகிற மாதிரி கண்ணாடியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. திரும்ப வைத்தேன், சிரித்தது. சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எழுந்திருக்கிற சித்தி. "என்னம்மா தூக்கித் தூக்கி வைக்கிற, வெளாட்டா?" என்றார் கடைக்காரர். ஆமா, விளையாட்டு. டம்ளரை ஊதித் துடைத்துக் கொடுத்தார், வரிசையாகக் குட்டிக் குட்டிப் புள்ளியில் அனுஷ்யா. அனுஷ நட்சத்திரத்தில் பிறந்ததற்காக அவுக வைத்த பெயர். அத்தை அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பேருன்னா இப்படி அழியாம இருக்கணும்" என்றாக. சித்தி பெயர் ரேசன் கார்டில் இருக்கிறது, அதுவும் அழியவில்லை.

இன்னும் பத்து வெற்றிலை இருக்குமா. நான் மெதுவாகத் துடைக்கிறேன், துடைத்ததையே துடைக்கிறேன். கைதட்டிக் கூப்பிடுவாக, பிள்ளை திரும்பாது, ஆசாரி ஊசியோடு காத்திருப்பார், சிரிப்பார்கள், இன்னொரு தடவை கூப்பிடுவாக, அண்ணன் முகம் வெளுக்கும், அவனுக்குப் புரிந்துவிடும், அவன்தான் முதலில் புரிந்துகொள்வான், விறகுக்கொட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனவன். இல்லாவிட்டால் வழக்கத்தை மீறி நான் உள்ளே போய் நிற்கலாம், வெட்கத்தை விட்டு, பிள்ளை அழும் அத்தை, நான் பக்கத்தில் நிற்கிறேன், என்று கேட்டு, மடிக்குப் பின்னால் கையை நீட்டி இன்றைக்கும் ஒரு அழுத்து. இன்றைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கும். மூன்று வயது வரைக்கும், நான்கு வயது வரைக்கும், வழி மூடுகிற வரைக்கும். பிறகு என் பிள்ளையை யாராவது பெண் பார்க்க வருவார்கள், நான் எந்தக் கொட்டடிக்கு. கொலுசுச் சத்தம். அத்தை வாசலுக்கு வருகிறாக. எனக்குப் பின்னால், பிள்ளைக்குப் பின்னால். "ஆசாரி தெருமுனைக்கு வந்துட்டாராம். அனூ! அனுக்குட்டி! மாமன் மடிக்கு வாரியா?" என் வலது கை எழுந்துவிட்டது, ஈரத்துணியோடு, பிள்ளையின் முதுகு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, சின்னப் பாவாடைச் சட்டை, பின்னால் இரண்டு ஹூக்கு. முழங்காலையும் நகர்த்திக்கொண்டேன். கடலில் முழுக எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு வெற்றிலையைப் பிடித்துக்கொண்டேன். "அனூ!" பிள்ளை வெற்றிலையைக் கிழிக்கிறது. "ஏ, அனுக்குட்டி, ஆச்சி கூப்பிடுதேன்ல!" ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போகிறது. அத்தை கைதட்டுகிறாக, வளையல் எல்லாம் சேர்ந்து ஓசை போடுகிறது, ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாவது தட்டு பாதியில் நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் பிள்ளையும் திரும்பிவிடும். எனக்கு முதுகில் அத்தையின் மூச்சு தெரிகிறது, சித்திக்குத் தரை தெரிகிற மாதிரி. பிறகு அத்தையின் குரல், இத்தனை வருஷத்தில் நான் கேட்காத சின்னக் குரல், "ஏட்டி ஆவுடை." வெற்றிலை என் கையில் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. "பிள்ளையத் தூக்கிட்டு உள்ள வா." வாரேன் அத்தை, வாரேன், எழுந்திருக்கிறேன், தூக்க வேண்டும், தூக்கினால் கை முதுகில் படும், படாமல் எப்படித் தூக்க, இந்த ஒரு தடவை என் கை படாமல், அதுவாக இருக்கிற மாதிரியே அதை அவர்கள் முன்னால் எப்படி